அழுகிற டயர்

தம்பிமார்களே,

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் டயர் படமாக அனுப்பித் தள்ளுகிறீர்கள். "அண்ணே, இது எப்படி?" "அண்ணே, கட்டை நல்ல ஆழமா இருக்கு, வாங்கலாமா?" நான் பதில் போடுவதில்லை என்று உங்களுக்கு மனத்தாங்கல். படத்தைப் பார்த்து டயருக்குப் பலன் சொல்ல நான் என்ன ஜோசியக்காரனா? டயரைத் தொட வேண்டும். தட்ட வேண்டும். ஓடும்போது அது போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும். இதில் எது போனில் வரும்?

ஒரே ஒரு தடவை எழுதுகிறேன். வாசித்துவிட்டு, பிறகு கேள்வி கேட்காதீர்கள்.

தேயிலைத் தோட்டத்து வண்டி ஓட்டுகிறவனுக்கு ரோடு இரண்டு. மேலே ஆட்கள் குடியிருக்கிற லயங்களுக்கும் கொழுந்து மலைகளுக்கும் போகிற கல் ரோடு ஒன்று. கீழே டவுனுக்குப் போகிற, தார் போட்ட கார்ப்பட் ரோடு ஒன்று. நீங்கள் எல்லோரும் கல் ரோட்டை நினைத்து, டயர் முகத்தில் பல்லாக நிற்கிற ரப்பர்க் கட்டையைப் பார்த்தே வாங்குகிறீர்கள். பயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைப்பு. நான் ஓட்டிய காலம் முழுவதும் எங்கள் கல் ரோட்டில் ஒருவரும் சாகவில்லை. சேறு வண்டியை நிறுத்தும். நின்றால் இறங்கித் தள்ளலாம், டிராக்டரைக் கூப்பிடலாம், ஓரமாக நின்று மேனேஜர் துரையைத் திட்டலாம். மழை பெய்த கார்ப்பட் ரோடு வண்டியை நிறுத்தாது. நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாது.

எங்களுக்கு வந்த ஒரு சின்ன துரை, தன் ஜீப்புக்குக் கொழும்பு டயர் போட்டுக்கொண்டு வந்தார். வழவழவென்று கார் டயர் மாதிரி. முதல் மழையிலேயே பன்னிரண்டாம் நம்பர் மலைக்குக் கீழே புதைந்து, குடையோடு கல்லில் உட்கார்ந்திருந்தார். கொழுந்து எடுக்கும் பொம்பளைகள் போகிற வழியில் "தொரைக்கு டீ வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. சிரித்தோம், கயிறு கட்டி இழுத்தோம். சேற்றில் செய்கிற தப்புக்கு அதுதான் தண்டனை.

கார்ப்பட் ரோட்டில் செய்கிற தப்புக்கு என்ன தண்டனை என்பதை இனிச் சொல்கிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டம். பெயர் வேண்டாம், உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வெளிநாட்டு டயர் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. டீசலுக்கு வரிசை, சமையல் கேஸுக்கு வரிசை. டயருக்கு வரிசைகூட இல்லை, ஏனென்றால் கடையில் டயரே இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் டபுள் கேப் வண்டியின் டயர்கள் நாலும் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன. துரை மலை பார்க்கப் போவது அந்த வண்டியில். மேல் டிவிசனில் யாருக்காவது நெஞ்சுவலி, பிரசவம், குளவி கொட்டு என்றால் இறக்குவதும் அந்த வண்டியில். மேல் டிவிசனுக்கு ஏறக்கூடியது அதுவும் டிராக்டரும்தான். கொழுந்து லொறி, கல் ரோடு கார்ப்பட் ரோட்டில் சேர்கிற சந்தியோடு சரி.

வண்டிகளைக் கவனிக்கிற கிளார்க் ஒருவர் இருந்தார். உயிரோடுதான் இருக்கிறார், என்னோடு பேசுவதில்லை. அவர் ஹட்டன் பக்கம் ஒரு பழைய வண்டி யார்டிலிருந்து நாலு டயர் கொண்டுவந்து இறக்கினார். பெரிய கட்டை. ஓரமெல்லாம் கூர் மழுங்காமல் இருந்தது. பாலிஷ் போட்டுக் கறுப்பாக மினுக்கியிருந்தார்கள்.

"எப்படி டிரைவர்? அதிர்ஷ்டம்னா இதுதானே!" என்றார்.

நான் குனிந்து ஒரு கட்டையில் பெருவிரல் நகத்தை அழுத்தினேன். நல்ல ரப்பரில் நகம் பதியும், எடுத்தால் தடம் மெல்ல மறையும். இதில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. விரல் முட்டியால் தட்டினேன். கதவைத் தட்டின சத்தம்.

"ஐயா, இது ரப்பர் இல்ல. பலகை."

"கட்டையப் பாருங்கய்யா. ஓடவே இல்ல."

"ஓடல. நின்னே செத்துருச்சு."

"டயர் சாகுமா?" என்று அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற மாற்று டிரைவர் பாலாவும் சிரித்தான். நான் இல்லாத நாட்களில் வண்டி எடுக்கிறவன் அவன். நான் டயர் பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு இலக்கத்தைக் காட்டினேன். முதல் இரண்டு, செய்த வாரம். கடைசி இரண்டு, செய்த வருஷம்.

"டேய், இந்த டயரு பொறந்தப்ப நீ கால்சட்டையோட பள்ளிக்கூடத்துல இருந்த. இதுக்கு என்னடா சிரிப்பு?"

பிறகு கிளார்க்கிடம் கேட்டேன். "எந்த வண்டியில கழட்டினது?"

"ஒரு ஜீப்பு. ஏதோ கேஸாம். கோர்ட்டுல முடியிற வரைக்கும் யார்டுலயே நின்னிருக்கு."

"என்ன கேஸு?"

"அது நமக்கு எதுக்கு டிரைவர்?"

விபத்தில் ஆள் செத்த வண்டியைத்தான் அப்படி வருஷக்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். அது பாலாவுக்கும் தெரியும். மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் ஆட்கள் கூடி நின்றபோது தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. செத்த ஜீப்பின் டயரை நம் வண்டிக்குப் போடப் போகிறார்கள்.

நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. வேறு டயரும் இல்லை. மாட்டினோம்.

கல் ரோட்டில் அந்த டயர் ராஜா மாதிரி ஏறியது. அதையும் சொல்ல வேண்டும். கட்டை ஆழம், கல்லிடுக்கில் பல்லைப் போட்டுக் கடித்து ஏறியது. "பாத்தீங்களா?" என்றார் கிளார்க்.

சந்தி தாண்டிக் கார்ப்பட் ரோட்டில் இறங்கியதும் அது அழ ஆரம்பித்தது.

பெரிய கட்டை டயர் தாரில் ஊளையிடும். உங்களுக்குத் தெரிந்த சத்தம்தான். இது வேறு. மெல்லிசாகத் தொடங்கி, வேகம் கூடக் கூட மேலே ஏறி, ஒரு பொம்பளை வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுவது போல. காரணம் எனக்குத் தெரியும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதில் ஒருபக்கம் தட்டையாகி, காய்ந்து கல்லான ரப்பர் ரோட்டில் அறைகிற சத்தம். தெரிந்து என்ன செய்வது? பனிமூட்டத்துக்குள் அது வரும்போது, ரோட்டோரம் மலையில் கொழுந்து எடுக்கிற கைகள் நின்றுவிடும். வண்டி தாண்டிப் போகும் வரைக்கும் ஒருத்தியும் அசைய மாட்டாள். அழுவுற வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏறச் சொன்னால், "நாங்க நடந்தே போறோம்ங்க" என்றார்கள்.

சந்திக்குக் கீழே ஃபேக்டரிக்குப் போகிற வழியில் ஒரு வளைவு இருக்கிறது. மேட்டில் ஒரு டர்பன்டைன் மரம், அடியில் குங்குமம் பூசிய கல். முனி வளைவு. அங்கே எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைவில் வண்டியை மெதுவாக்கக் கூடாது. மெதுவாக்கினால் முனி பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுமாம். ஹார்ன் அடித்து, ஒரே அழுத்தாக அழுத்திக் கடந்துவிட வேண்டும். நான் மெதுவாக்கினால் பின்னாலிருந்து, "நிப்பாட்டிறாதீங்க, நிப்பாட்டிறாதீங்க!" என்று கத்துவார்கள். சரிவான இறக்கம், வெளிப்பக்கம் சாய்ந்த ரோடு, கீழே பள்ளத்தாக்கு. உலகத்தில் மெதுவாகப் போக வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அதுதான். அங்கேதான் வேகமாகப் போக வேண்டுமாம்.

ரப்பர் உயிரோடு இருந்தவரைக்கும் அந்த முட்டாள்தனத்தை அதுவே தாங்கிக்கொண்டது.

ஒரு தூறல் நாளில் பாலா ஹார்ன் அடித்து, அழுத்திப் போனான். வண்டி முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு பின்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்க நின்றது. உள்ளே அவன் ஒருத்தன்தான். கதவைத் திறக்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தவனை நாங்கள்தான் ஜன்னல் வழியாக இழுத்து எடுத்தோம்.

வெந்நீர் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டேன். "என்னடா ஆச்சு?"

"சத்தம் நின்னுச்சுண்ணே."

"என்ன சத்தம்?"

"அழுகைதான். வளைவுல திரும்பினேன், படக்குனு நின்னுச்சு. யாரோ வாயப் பொத்தின மாதிரி. அதுக்கப்புறம் வண்டி என்னோடதா இல்லண்ணே."

பூசாரியை வரவைத்தார்கள். டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கல்லடியில் கற்பூரம், தேங்காய். கிளார்க் தன் கைக்காசில் ஒரு சேவல் வாங்கி அறுத்தார். டயர் வாங்கச் சொன்னால் சேவல் வாங்கினார்கள், தம்பி. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்து வந்த முதல் மழையில் காலி வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக அங்கே போனேன். பகல்தான். ஆனாலும் பனி இறங்கி, மரம் இருக்கிற இடத்தில் மரத்தின் நிழல் மட்டும் தெரிந்தது. முதல் கியரில், ஆள் நடக்கிற வேகம். அந்த வேகத்திலும் டயர் மெல்ல முனகிக்கொண்டே வந்தது. வளைவுக்கு முன்னால், ரோடு இன்னும் நேராக இருக்கிற இடத்தில் பிரேக்கைத் தொட்டேன். மிதிக்கவில்லை, தொட்டேன்.

முனகல் நின்றது.

சக்கரம் சுற்றவில்லை. வண்டி போய்க்கொண்டிருந்தது. படகு போகிற மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல், மரத்தின் நிழல் என்னை நோக்கி வந்தது. அந்த மௌனத்தை என்னால் உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது. காலை எடுத்ததும் சக்கரம் சுற்றியது, முனகல் திரும்பி வந்தது, வண்டி என் கைக்கு வந்தது. அந்த முனகலைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாலா சொன்னது சரி. அந்த டயர் உருளும் வரைக்கும் அழும். வழுக்கத் தொடங்கினால் வாயை மூடிக்கொள்ளும்.

நேராகத் துரையின் பங்களாவுக்குப் போனேன். "மழையில இந்த டயரோட கார்ப்பட்டுல எறங்க மாட்டேன்" என்றேன். "வேற டயர் எங்க இருக்கு?" என்று அவர் கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். டபுள் கேப் சந்தியோடு நிற்கும். மழை நாளில் நோயாளி இருந்தால், ஃபேக்டரியிலிருந்து கொழுந்து லொறி சந்திக்கு ஏறி வந்து மாற்றிக்கொள்ளும். லொறிக்குத் தேயாத ரோட்டு டயர் இருந்தது. நீளக் கோடு மாதிரிப் பள்ளம் போட்ட சாதாரண டயர்தான், ரப்பர் உயிரோடு இருந்தது.

அந்த ஏற்பாட்டைச் சோதிக்க வந்த ஆள் செல்வராணி.

மேல் டிவிசன் பொண்ணு. புருஷன் யோகன், கவ்வாத்து வெட்டுகிறவன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதிக்கு முன்பே வலி வந்து, மிட்வைஃப் மிஸ்ஸை நான் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் லயத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. மிஸ் அதிகம் பேசாதவர். வெளியே வந்து என்னைப் பார்த்து, "உடனே" என்றார். அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, திரும்ப நேரமாகும் என்றார்கள். நான் சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி ஃபேக்டரிக்குப் போன் போட்டேன். லொறி டிரைவர் சுனில் எடுத்தார். வருகிறேன் என்றார்.

பின் சீட்டில் செல்வராணி, அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு மிஸ். முன்னால் என் பக்கத்தில் யோகன், மடியில் கம்பளியில் சுற்றிய பிள்ளை. கல் ரோட்டில் அந்த டயர் எங்களை துளியும் வழுக்காமல் சந்திக்கு இறக்கியது. மழை விடாமல் பெய்தது. சந்தியில் பனி. லொறி இல்லை.

என்ஜினை நிறுத்தினேன். லொறி வருகிற சத்தம் கேட்க வேண்டும்.

"ஏண்ணே நிக்கிறீங்க?" என்றான் யோகன்.

"லொறி வரும்."

"எங்க வருது?"

"வரும்."

பின்னாலிருந்து மிஸ் சொன்னார், "டிரைவர் அண்ணே, ரெண்டாவது துணியும் நனைஞ்சிருச்சு."

யோகன் என் பக்கம் திரும்பினான். "எடுங்கண்ணே வண்டிய! மெதுவா போவோம். முனிக்குப் பயமா?"

"முனிக்கில்ல. டயருக்கு."

"டயராம்! எம்பொண்டாட்டி சாவுறா, இந்த ஆளு டயரு பாக்குறாரு!"

சாவிக்குக் கை நீட்டினான். நான் சாவியைக் கழற்றிப் பனியனுக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு கையில் பிள்ளையை அணைத்தபடியே மற்றக் கையால் என்னை அறைந்தான். நன்றாகவே அறைந்தான். நான் திருப்பி அடிக்கவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் பிள்ளையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அடித்திருப்பேன்.

மெதுவாகப் போயிருக்கலாமே என்று நீங்களும் கேட்பீர்கள். நான் மெதுவாகப் போய்ப் பார்த்தவன். காலி வண்டியில், நேரான இடத்தில், நடக்கிற வேகத்தில் அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். இப்போது வண்டியில் அஞ்சு உயிர். அதில் ஒன்றுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

கார்ப்பட் ரோட்டின் மேல்பக்கமிருந்து. மெல்லிசாக. யோகனுக்கு முதலில் கேட்டது. பேச்சை நிறுத்தினான். சத்தம் ஏறியது. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அந்தச் சத்தம், வேகம் கூடக் கூட மேலே ஏறுகிற அதே ஏற்றம். அது எங்கள் டயரின் சத்தம். நான் என் பிள்ளைகளின் குரலைத் தப்பாகச் சொன்னாலும் அதைத் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. சாவி என் பனியனுக்குள் இருந்தது.

சத்தம் சந்திக்கு வந்தது. எங்கள் மூக்குக்கு முன்னால் குறுக்கே போனது. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தேங்கிக் கிடந்த தண்ணீரில் மழைத்துளி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. வேறு எதுவும் அதை மிதிக்கவில்லை. சத்தம் கீழே இறங்கி, வளைவை நோக்கிப் போனது. போய்க்கொண்டே இருந்தது.

வளைவில் நின்றது. படக்கென்று. யாரோ வாயைப் பொத்தின மாதிரி.

நாங்கள் காத்திருந்தோம். எதற்கென்று தெரியாமல் காத்திருந்தோம். விழுகிற சத்தம் வரவில்லை. மழை மட்டும்.

யோகன் மெல்லச் சொன்னான், "நம்ம வண்டி நிக்குதேண்ணே."

"நிக்குது."

செல்வராணி பின் சீட்டிலிருந்து கேட்டாள். "போயிருச்சா?"

"என்ன போயிருச்சான்னு கேக்குற?" என்றார் மிஸ்.

"நாம போற வண்டி."

மிஸ் ஒரு கையால் அவள் வயிற்றை விடாமல், மற்றக் கையால் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். நான், "பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கத்து ரோட்டுல போற வண்டியா இருக்கும் மிஸ். பனியில சத்தம் இழுத்துட்டு வரும்" என்றேன். "ஆமாண்ணே" என்றார். நம்பிச் சொன்னாரா என்று நான் பார்க்கவில்லை.

யோகன் அதற்குப் பிறகு எடுங்கண்ணே என்று சொல்லவில்லை.

லொறி வளைவுப் பக்கமிருந்துதான் ஏறி வந்தது. விளக்கு தெரிந்ததும் நான் ஓடினேன். "வர்ற வழியில ஏதாவது வண்டி எதிர்ல வந்துச்சா?" என்று சுனிலிடம் கேட்டேன். "பாரே கவுருத் நே, அய்யே" என்றார். ரோட்டில் ஒருத்தரும் இல்லையாம்.

லொறியின் பின்னால் காலையில் ஏற்றிய கொழுந்து மூட்டைகள் கிடந்தன. அதன்மேல் செல்வராணியைப் படுக்கவைத்து, மேலே லொறியின் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடினோம். மிஸ் அவளோடு உட்கார்ந்தார். யோகனும் பிள்ளையும் நானும் முன்னால். அழுகிற வண்டியைச் சந்தியில் அப்படியே விட்டுவிட்டுப் போனோம்.

வளைவில் சுனில் மெதுவாக்கினார். அவர் சிங்களவர், எங்கள் முனியின் சட்டம் அவருக்குத் தெரியாது. மேட்டிலிருந்து செம்மண் கரைந்து, நெய் ஊற்றின மாதிரி ரோட்டின் குறுக்கே மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஊர்ந்தார். லொறியின் பின்பக்கம் ஒரு சாண் வெளியே நகர்ந்தது. என் உட்காருமிடத்தில் அதை உணர்ந்தேன். பிறகு டயர் பிடித்தது. வண்டி நேரானது.

"டயர் ஹொந்தாய்" என்றார் சுனில், தன் டயரை மெச்சிக்கொண்டு.

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். ஓரத்துப் புல் ஒன்றுகூட மடங்கியிருக்கவில்லை. கல்லில் பூசிய குங்குமம் மழையில் வழிந்துகொண்டிருந்தது.

செல்வராணி பிழைத்தாள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கொஞ்சத்தைச் சந்தியில் செலவழித்தவன் நான். தம்பிமார்களே, இதை நன்றாகக் கேளுங்கள். அவள் பிழைத்ததனால் நான் செய்தது சரியாகிவிடவில்லை. அவள் சந்தியிலேயே செத்திருந்தாலும் நான் செய்தது சரிதான். அப்போது யோகன் ஆயுசுக்கும் என்னை மன்னித்திருக்க மாட்டான், அதுவும் சரிதான். வண்டி ஓட்டுகிறவனுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே வரும். கைதட்டலுக்காக ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள்.

அந்தச் சத்தம் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். வண்டி வழுக்கினதற்கு எனக்குக் காரணம் தெரியும்: காய்ந்த ரப்பர். டயர் அழுததற்குத் தெரியும். நின்ற வண்டியின் சத்தம் ரோட்டில் போனதற்கு எனக்குத் தெரியாது. எதிர்ப்பக்கத்து ரோடாக இருக்கலாம் என்று மிஸ்ஸிடம் சொன்னதையே என்னிடமும் சொல்லிக்கொள்கிறேன். டயர் கழற்றின அந்த ஜீப் எந்த வளைவில் விழுந்தது என்று விசாரித்து வர ஆட்கள் சிலர் ஹட்டனுக்குப் போனார்கள். திரும்பி வந்து அவர்கள் சொல்லத் தொடங்கியபோது நான் கேட்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டேன்.

பிறகு டயர் வரத் தொடங்கியதும், இந்தத் தடவை நானே போய் வாங்கினேன். உங்களுக்கு வேண்டியது இதுதானே, எழுதிக்கொள்ளுங்கள். இருக்கிறதிலேயே பெரிய கட்டையை நான் எடுக்கவில்லை. கடைக்காரன் அதைத்தான் முன்னால் உருட்டிக்கொண்டு வருவான். நடுத்தரக் கட்டை எடுத்தேன். கட்டைகளின் முகத்தில் கத்தியால் கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள் இருக்க வேண்டும், மழை ரோட்டில் பிடிப்பது அதுதான். பக்கவாட்டு தடிப்பாக இருக்க வேண்டும், கல் கிழிப்பது அங்கே. வண்டிக் கதவோரத்தில் எழுதியிருக்கிற அளவே போதும், அழகுக்காக அகலம் கூட்டாதீர்கள். நாலும் ஒரே டயராக இருக்கட்டும். முதலில் வருஷத்தைப் பாருங்கள், பிறகு நகத்தை வையுங்கள், அதற்குப் பிறகு கட்டையைப் பாருங்கள். நீங்கள் கட்டையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறீர்கள். செத்த டயருக்கும் கட்டை ஆழமாகத்தான் இருக்கும். பிணத்துக்கும் பல் முழுசாக இருக்கும்.

கழற்றிய நாலையும் கிளார்க் திரும்ப விற்கப் பார்த்தார். நான் கவ்வாத்துக் கத்தியை எடுத்து நாலுக்கும் பக்கவாட்டில் நீளமாக வெட்டுப் போட்டேன். இனி ஒருவரும் காற்றடித்து ஓட்ட முடியாது. அன்றிலிருந்துதான் அவர் என்னோடு பேசுவதில்லை.

வெட்டின டயரைக் கேட்டு வந்தவன் யோகன். எங்கள் லயங்களில் தகரம் காற்றில் பறக்காமலிருக்கக் கூரையில் பழைய டயரைப் போடுவோம், தெரியும்தானே. அதற்காகக் கேட்டான்.

"இதையா? வேற தர்றேன்டா."

"இதையே குடுங்கண்ணே. எங்க வீட்டு மேல கெடந்தா எங்கயும் போகாதுல்ல."

கொடுத்தேன். அறைந்ததைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

போன மழைக்காலத்தில் அவர்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள் என்று போனேன். கேக் வெட்டுகிற நேரம் காற்று எழும்பியது. கூரையில் அது தொடங்கியது. மெல்லிசாக, பிறகு மேலே ஏறி. நான் போட்ட வெட்டுக்குள் காற்று ஊதுகிறது, வேறொன்றுமில்லை. அந்த வீட்டு ஆட்கள் பழகிவிட்டார்கள், ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிள்ளை மட்டும் தலையை உயர்த்தி, கூரையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு மெல்லத் திரும்பியது. எதையோ போகவிட்டுப் பார்க்கிற மாதிரி.

காற்று படக்கென்று நின்றது. அழுகையும் நின்றது.

என் வலது கால் தரையிலிருந்து தானாக மேலே எழும்பியது. பிரேக்கிலிருந்து எடுக்கிற மாதிரி.

கையில் கேக் துண்டோடு செல்வராணி என் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கால வைங்கண்ணே," என்றாள். "இது வீடு. ஓடாது."

வைத்தேன்.

உங்கள் வண்டி ஓடும், தம்பி. எடுப்பதற்கு முன்னால் குனிந்து நகத்தை வைத்துப் பாருங்கள்.